இரவல் போன தூதர்கள்

பக்கத்து வீட்டு அட்டிகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது நமக்குப் புதிதல்ல. தமிழ் இதற்கென்றே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு படி அரிசி வாங்கினால் அது கடன். வேறு அரிசியை அளந்து திருப்பிவிடலாம். அட்டிகை வாங்கினால் அது இரவல். அதே அட்டிகை, கல் ஒன்றுகூட உதிராமல் திரும்பிப் போக வேண்டும். 'இரவல் உடைமை இசைவாய் இருக்கிறது, என் பிள்ளை ஆணை நான் கொடுக்க மாட்டேன்' என்று அடம்பிடித்த ஒருத்தியைப் பற்றிப் பழமொழியே உண்டு.

நாடுகளும் இப்படித்தான் நகை இரவல் கொடுத்துக்கொள்கின்றன. பிரான்ஸ் தன் மோனலிசாவை அனுப்பிவைத்தது, எகிப்து துட்டன்காமனின் பொன்முகமூடியை அனுப்பிவைத்தது. யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று பார்த்தே உறவின் நெருக்கத்தை ஊர் கணித்துவிடும். அருங்காட்சியகங்கள் நடத்துகிற இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு வயது அதிகமில்லை. அதற்கு முன்னும் பொருள்கள் நாடு விட்டு நாடு போயின: கொள்ளையாக, கப்பமாக, சீதனமாக. ஒருவழிப் பயணங்கள் அவை. திரும்பி வரும் என்ற வாக்குறுதியோடு ஒரு சிலை கப்பலேற, உலகம் பல நூற்றாண்டுகள் தடுமாற வேண்டியிருந்தது.

வெனிஸ் நகரத்தின் நான்கு குதிரைகளிலிருந்து தொடங்கலாம். செம்பில் வார்த்துப் பொன்முலாம் பூசிய, நிஜக் குதிரையின் அளவே கொண்ட சிலைகள். கான்ஸ்டான்டிநோபிளின் தேர்ப்பந்தயத் திடலில் நின்றுகொண்டிருந்தவை. 1204இல் நான்காம் சிலுவைப் போர்க்காரர்கள் அந்த நகரைச் சூறையாடியபோது, வெனிஸ்காரர்கள் அவற்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து புனித மாற்கு பேராலயத்தின் முகப்பில் நிறுத்தினார்கள். ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் அங்கே நின்றன. 1797இல் நெப்போலியன் வெனிஸைப் பிடித்தார். குதிரைகள் மறுபடி வண்டியேறின, இம்முறை பாரிஸுக்கு. மறு ஆண்டு ஜூலையில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் ஒட்டகங்களோடும் சிங்கங்களோடும் அவையும் பாரிஸ் வீதிகளில் பவனி வந்தன.

நெப்போலியனின் கொள்ளையில் ஒரு புதுமை இருந்தது. அவர் அதற்கு ரசீது வாங்கினார். 1796இல் போப்பாண்டவரோடு செய்துகொண்ட போர் நிறுத்தத்தில், நூறு கலைப்பொருள்களும் ஐந்நூறு கையெழுத்துச் சுவடிகளும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒரு ஷரத்து. அடுத்த ஆண்டு டொலன்டினோ உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. நில எல்லை, கப்பத் தொகை என்றிருந்த ராஜதந்திரத் தாளில் சிலைகளும் ஓவியங்களும் உருப்படி எண்ணிக்கையாக ஏறின. அவை போய்ச் சேர்ந்த இடம் அரசனின் அந்தப்புரம் அல்ல. 1793இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட லூவ்ர் அருங்காட்சியகம்.

1815இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதும் எல்லாரும் சாக்குப்பையோடு பாரிஸுக்கு ஓடினார்கள். போப்பின் தூதராக வந்தவர் படைத்தளபதி அல்ல, சிற்பி அந்தோனியோ கனோவா. பல பொருள்கள் இத்தாலிக்குத் திரும்பின. குதிரைகளும் வெனிஸுக்குப் போயின. ஆனால் ஒன்று அசையவில்லை. வெனிஸ் மடாலயம் ஒன்றின் உணவுக்கூடத்துக்காக வெரோனேசே வரைந்த 'கானாவூர்க் கல்யாணம்', கிட்டத்தட்டப் பத்து மீட்டர் அகலம். இன்னொரு பயணத்தை அது தாங்காது என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னார்கள். வரும்போது வெட்டித்தான் கொண்டுவந்தார்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். ஈடாக ஷார்ல் லெ பிரன் வரைந்த ஓர் ஓவியம் வெனிஸுக்குக் கிடைத்தது. கல்யாணப் படம் இன்றும் லூவ்ரில் இருக்கிறது. மோனலிசாவைப் பார்க்க முண்டியடிக்கும் கூட்டம் பெரும்பாலும் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும். இரண்டும் ஒரே அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் தொங்குகின்றன.

கொடுக்கவும் மனமில்லை, பகைத்துக்கொள்ளவும் முடியவில்லை என்றால் என்ன செய்வது? 19ஆம் நூற்றாண்டு கண்ட வழி, நகல். லண்டனின் நேஷனல் கேலரி கிர்லாண்டாயோவின் ஓர் ஓவியத்தை வாங்க முயன்றபோது டஸ்கனியின் பெருங்கோமகன் ஏற்றுமதிக்கு அனுமதி மறுத்தார். மறுத்த கையோடு, ஆங்கிலேயரின் மனக்கசப்பைத் தணிக்க, 1857இல் விக்டோரியா மகாராணிக்கு ஒரு பரிசு அனுப்பினார்: மைக்கேலாஞ்சலோவின் தாவீது, ஐந்து மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பிளாஸ்டரில். உடம்பில் நூலிழை இல்லாத அந்த வாலிபனை என்ன செய்வதென்று தெரியாமல் மகாராணி அதை சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குத் தள்ளிவிட்டார். அரச குடும்பத்துப் பெண்கள் வரும் நாள்களில் மாட்டுவதற்கென்று ஓர் அத்தியிலை செய்தார்கள், அதுவும் பிளாஸ்டரில். இரண்டு கொக்கிகளில் தொங்கவிட்டு, விருந்தாளி போனதும் கழற்றிவிடலாம். இப்போதைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தாவீதின் முதுகுப் பக்கம் போனால் அந்த இலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம்.

அந்த அருங்காட்சியகத்தை நடத்திய ஹென்றி கோல் இதிலொரு பெரிய வாய்ப்பைக் கண்டார். 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது ஐரோப்பிய இளவரசர்கள் பதினைந்து பேரிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். அவரவர் நாட்டுக் கலைச் சின்னங்களுக்கு அச்செடுத்து நகல்களைப் பரிமாறிக்கொள்வோம் என்பதே அதன் சாரம். அருங்காட்சியகங்களுக்காகவே நாடுகள் கூடிச் செய்த ஆரம்பகால ஒப்பந்தங்களில் இதுவும் ஒன்று. கோலின் மகன், ராணுவ லெப்டினன்ட் ஹென்றி ஹார்டி கோல், 1869–70இல் சாஞ்சிக்குப் போய்ப் பெருந்தூபியின் கிழக்குத் தோரண வாயிலுக்கு அச்செடுத்தார். ஒரே அச்சிலிருந்து பிறந்த சாஞ்சி வாயில்கள் லண்டனுக்கும் ஐரோப்பாவின் வேறு தலைநகரங்களுக்கும் போயின. பெர்லினில் ஹம்போல்ட் மன்றத்தின் முன்னால் இன்று மணற்கல்லில் ஒரு சாஞ்சி வாயில் நிற்கிறதே, அதன் பூர்விகம் இதுதான்.

நகல் வியாபாரம் அரை நூற்றாண்டு அமோகமாக நடந்து, பிறகு படுத்துவிட்டது. புகைப்படம் வந்தது, பயணம் மலிவானது, அசலைப் பார்த்தால்தான் ஆயிற்று என்ற மோகமும் வந்தது. பல அருங்காட்சியகங்கள் பிளாஸ்டர்களை மூலையில் போட்டன. சில உடைத்தே எறிந்தன. அசல்தான் வேண்டும், ஆனால் யாரும் நிரந்தரமாகக் கொடுக்க மாட்டார்கள். மிஞ்சியது இரவல்.

இரவலைப் பெரிய அரசியலாக்கிய பெருமை ஒரு பெண்மணியின் பிரெஞ்சு ஆர்வத்தைச் சேரும். 1962 மே மாதம் பிரெஞ்சுக் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு வந்தார். அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் உபசாரத்தில் உருகி, மோனலிசாவை அனுப்பிவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். லூவ்ரின் காப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்: மெல்லிய பாப்ளார் பலகையில் தீட்டிய நானூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஓவியத்தைக் குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்கவிடுவதா? அமைச்சர் கேட்கவில்லை. டிசம்பரில் 'பிரான்ஸ்' என்ற சொகுசுக் கப்பலின் முதல் வகுப்பு அறையில், வெப்பநிலை மாறாத தனிப் பெட்டிக்குள், காவலர் புடைசூழ மோனலிசா பயணம் செய்தாள். 1963 ஜனவரி 8 அன்று வாஷிங்டனில் திரை விலகியது.

அது சும்மா கலைவிழா அல்ல. தனக்கென்று அணு ஆயுதப் படை வேண்டும் என்று பிரெஞ்சு அதிபர் தெ கோல் பிடிவாதம் பிடிக்க, வேண்டாம் என்று அமெரிக்கா மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். திறப்பு விழாவில் கென்னடி, நாங்களும் எங்களுக்கென்று ஒரு சுதந்திரமான கலைப்படையை வளர்த்துக்கொள்வோம் என்று குத்தலாகச் சொன்னார். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அணு ஆயுதத்தை வைத்து ஜோக்கடிக்க மோனலிசா ஒரு சாக்கைக் கொடுத்தாள். வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் சேர்த்துப் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்று அவளைப் பார்த்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒருநாள் இரவு தீயணைப்புக் குழாய் கசிந்து அவள்மேல் தண்ணீர் சொட்டியதாக, பின்னாளில் அங்கே இயக்குநரான தாமஸ் ஹோவிங் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். காப்பாற்றியது முன்னாலிருந்த கண்ணாடி. 1974இல் டோக்கியோவுக்கும் மாஸ்கோவுக்கும் போய்வந்த பிறகு மோனலிசா நாடு தாண்டவில்லை.

இப்படிப் போகிற பொருளுக்கு நடக்கும் சடங்குகள் சீமந்தத்தைவிட அதிகம். முதலில் நிலை அறிக்கை. ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு கீறலையும், பழைய வெடிப்பையும், பெயர்ந்த வண்ணத்தையும் படத்தில் குறித்துக்கொள்வார். பிறகு அந்தப் பொருளின் உடம்புக்கென்றே அளவெடுத்துக் குடைந்த நுரைப்பஞ்சு, அதைச் சுற்றி ஒரு பெட்டி, அதற்கு மேல் மரப்பெட்டி. கூடவே ஓர் ஆள் போவார். அருங்காட்சியக மொழியில் அவர் பெயர் கூரியர். விமானத்தில் பெட்டி ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் தன் இருக்கைக்குப் போவார். போய்ச் சேர்ந்ததும் உடனே திறக்கக் கூடாது. புது ஊரின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பழக, பெட்டி மூடியபடியே குறைந்தது ஒரு நாள் கிடக்க வேண்டும். திறந்ததும் அதே அறிக்கை, அதே டார்ச், கீறலுக்குக் கீறல் சரிபார்ப்பு. காப்பீடு 'ஆணியிலிருந்து ஆணி வரை': இந்தச் சுவரின் ஆணியிலிருந்து கழற்றிய நொடி முதல் திரும்பி வந்து அதே ஆணியில் மாட்டும் வரை. விலைமதிப்பற்ற பொருளுக்குப் பிரீமியம் யார் கட்டுவது? அரசுகளே பொறுப்பேற்றன. அமெரிக்கா 1975இல் அதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது.

அப்படியும் அசம்பாவிதம் நடக்கும். பாட்னாவுக்கு அருகே கங்கைக் கரையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த பலகையை 1917இல் தோண்டியபோது வெளிப்பட்டவள், மினுமினுக்கும் திதார்கஞ்ச் யட்சி. எண்பதுகளில் இந்தியத் திருவிழா என்ற பெயரில் அயல்நாடுகளில் நடந்த கண்காட்சிகளுக்குப் போய்வந்தவள் கன்னத்தில் ஒரு சிறு சிதைவோடு திரும்பினாள். பெரும் சர்ச்சை கிளம்பியது. இரவல் போன அட்டிகையில் ஒரு கல் உதிர்ந்தால் இரு வீடுகளுக்கும் எப்படி இருக்குமோ, அப்படி.

எகிப்து இந்தக் கலையில் எல்லாரையும் மிஞ்சியது. அஸ்வானில் பேரணை கட்டினால் நூபியாவின் கோயில்கள் தண்ணீருக்குள் போய்விடும் என்ற நிலையில், 1960இல் யுனெஸ்கோ உலகத்திடம் கையேந்தியது. நாடுகள் பணமும் பொறியாளர்களும் அனுப்பின. அபு சிம்பெல் கோயிலை அறுத்தெடுத்து மேட்டில் வைத்தார்கள். உதவியவர்களுக்கு எகிப்து தாம்பூலமாகக் கொடுத்தது தேங்காய் பழமல்ல, முழுக் கோயில்கள். தெண்டூர் நியூயார்க்குக்கு, தெபோத் மாட்ரிட்டுக்கு, தாஃபே ஹாலந்தின் லைடனுக்கு, எல்லெசியா இத்தாலியின் டூரினுக்கு. தெண்டூர் கோயில் மட்டும் 661 பெட்டிகளில் போனது.

பரிசு ஒரு பக்கம், இரவல் மறுபக்கம். 1956இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மேல் குண்டு போட்ட பிரிட்டனுக்கு, 1972இல் துட்டன்காமனின் பொன்முகமூடி விருந்தாளியாகப் போனது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சுற்றி வளைந்த வரிசையில் பதினாறு லட்சம் பேருக்கு மேல் நின்றார்கள். லாபம் ஃபிலே கோயிலைக் காப்பாற்றப் போனது. 1967இல் அறுந்த அமெரிக்க உறவு 1974இல் ஒட்டியதும், துட்டன்காமனின் ஐம்பத்தைந்து பொருள்கள் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஏறின. 1976 முதல் 1979 வரை ஏழு நகரங்களில் சுமார் எண்பது லட்சம் பேர் பார்த்தார்கள். துட்டன்காமன் டி-ஷர்ட், துட்டன்காமன் கோப்பை என்று கடைகளில் விற்றுத் தீர்ந்தது. அருங்காட்சியக வாசலில் இருக்கும் பரிசுக்கடை சில்லறைக் காசுக்கு மட்டுமல்ல, பெரிய பணத்துக்கும் உதவும் என்று பலர் கற்றது அப்போதுதான்.

எகிப்திலிருந்து பொருள்கள் மட்டுமா போயின? சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரு காலத்தில் 'செத்த காலேஜ்' என்பார்கள். உயிரோடிருக்கும் விலங்குகளைக் காட்டிய மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. செத்தவர்களுக்கு ராஜமரியாதை கிடையாது என்று நினைத்தால் தவறு. 1976 செப்டம்பரில் பூஞ்சை பிடித்த தன் உடம்புக்கு வைத்தியம் பார்க்க பாரிஸ் போன எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸின் மம்மிக்கு, விமான நிலையத்தில் ராணுவ மரியாதையோடு வரவேற்பு நடந்தது.

தூதரகங்கள் முகம் திருப்பிக்கொள்ளும்போதுதான் இரவலின் அருமை தெரியும். 1879இல் பாபிலோனில் ஹோர்முஸ்த் ராசாம் தோண்டியெடுத்த சைரஸ் உருளை, ஒரு சாண் நீளக் களிமண் துண்டு. பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைப் பிடித்த கதை அதில் ஆப்பெழுத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை ஈரானுக்கு இரவல் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. 2010 தொடக்கத்தில் அதே வாசகம் பொறித்த இரண்டு சின்னத் துணுக்குகள் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே தற்செயலாக அகப்பட்டன. அவற்றை ஆராய வேண்டும் என்று பயணம் தள்ளிப்போயிற்று. கோபித்துக்கொண்ட ஈரான் அந்த அருங்காட்சியகத்தோடு உறவை முறித்தது. ஒருவழியாகச் செப்டம்பரில் உருளை டெஹ்ரானுக்குப் போனது, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், மறு ஆண்டு பத்திரமாகத் திரும்பியது. அதே 2011இன் நவம்பரில் டெஹ்ரானின் பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்து சூறையாடியது. இரு அரசுகளும் செய்யாத ஒன்றை ஒரு மண் உருளை செய்திருந்தது: போய்விட்டுத் திரும்பியிருந்தது. 2013 டிசம்பரில் அது மும்பைக்கும் வந்தது. சைரஸைத் தங்கள் பாட்டன் வழியில் வைத்துப் பேசும் பார்சிகளின் ஊருக்கு.

இனி நம் பக்கத்துக் கதை. 1951இல் கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு நடராசர் வெளிப்பட்டார். சில ஆண்டுகளில் பழுது பார்க்க ஸ்தபதியிடம் போன சிலை திரும்பி வந்தது, ஆனால் வந்தது நகல். அசல் கைமாறி பம்பாய்க்குப் போய், கடல் கடந்தது. கோயிலில் இருப்பது அசலல்ல என்று 1965இல் தன் புத்தகத்தில் எழுதி வெளிச்சம் போட்டவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட். ஆனாலும் அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்டன் சைமன் அதை ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்தியா வழக்குப் போட்டது. 1976இல் சமரசம்: சிலை இந்தியாவினுடையது, ஆனால் பத்தாண்டு பாசடீனாவில் உள்ள சைமனின் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். திருட்டு, ஒரே கையெழுத்தில் இரவலாக மாறியது. 1986இல் நடராசர் ஊர் திரும்பினார்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன இன்னொரு நடராசரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அதைக் காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து, சிலையை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். அந்தப் பயணத்திலேயே இந்தியாவுக்கு யுரேனியம் விற்பதற்கான அணுசக்தி உடன்பாடும் கையெழுத்தானது. மோனலிசாவுக்கும் அணுவுக்கும் இருந்த சகவாசம் நடராசரையும் விடவில்லை.

வெனிஸ் குதிரைகளில் ஒன்று 1979இல் லண்டனுக்கும் அடுத்த ஆண்டு நியூயார்க்குக்கும் போனது. கொள்ளைக்காரன் கையில் இரண்டு முறை போன குதிரை, முதன்முறையாக இரவலாகப் போய் வீடு திரும்பியது. செலவை ஏற்றது தட்டச்சுப்பொறி செய்துவந்த ஒலிவெட்டி. இன்று பேராலய முகப்பில் நிற்பவை நகல்கள்; அசல்கள் உள்ளே. கானாவூர்க் கல்யாணத்துக்கும் 2007இல் லேசர் கொண்டு எடுத்த நகல் ஒன்று வெனிஸின் பழைய உணவுக்கூடத்துச் சுவருக்கு வந்துவிட்டது. வெனிஸுக்கு நகல், பாரிஸுக்கு அசல்.

கடைசியாக ஒரு விநோத இரவல். 1874இல் பிரிட்டிஷ் படை இன்றைய கானாவிலுள்ள குமாசியைச் சூறையாடி, அசாந்தே மன்னரின் பொன்னை அள்ளிப்போனது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் சொத்தைக் கைவிட 1963ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் இரவல் தரலாம். 2024 மே மாதம், சூறையாடலின் 150ஆம் ஆண்டில், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டிலிருந்து 17, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து 15, ஆக 32 உருப்படிகள் குமாசி மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. பெயர் இரவல், தவணை மூன்று ஆண்டு, வேண்டுமானால் இன்னொரு மூன்று. நிலை அறிக்கை, பெட்டி, கூரியர் எல்லாம் முறைப்படி.

கல்யாண வீட்டில் இரவல் நகை போட்டவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது யாருடையது என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். குமாசியிலும் அப்படித்தான். பிள்ளை மேல் ஆணையிட்டது யார் என்பதில் மட்டும்தான் பழமொழி இங்கே இடம் மாறி நிற்கிறது.